கடிகாரத்தின் மேல் மிதக்கும் குரல்: ‘ஐ ஃபீல் லவ்’ பாடலின் இசைக்கட்டு

1977இல் வெளிவந்த டோனா சம்மரின் ‘ஐ ரிமெம்பர் யெஸ்டர்டே’ இசைத்தட்டைக் காலவரிசையில் கோத்திருந்தார்கள். தலைப்புப் பாடலில் 1940களின் ஸ்விங் இசை ஒலிக்கும். அடுத்தடுத்த பாடல்களில் அதற்குப் பிந்தைய காலங்களின் சாயல் வரும். 1960களின் பெண்கள் குழுப் பாடல்களை நினைவூட்டுபவையும் உண்டு. நிகழ்காலத்தையும் கடந்து, கடைசிப் பாடல் எதிர்காலத்தைக் காட்ட வேண்டும் என்பது திட்டம். கடந்த காலங்களைப் பார்த்து எழுத முன்மாதிரிகள் இருந்தன. எதிர்காலத்துக்கு எதுவும் இல்லை. அந்த இடத்துக்காகப் பிறந்ததுதான் ‘ஐ ஃபீல் லவ்’.

வெளியிட்டவர்களுக்கே அதன் மதிப்பு உடனே பிடிபடவில்லை. சிறு தட்டாக வந்தபோது அது பின்பக்கத்தில் இருந்தது. முன்பக்கத்தில் வேறொரு மென்பாடல். கேட்டவர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது, அமெரிக்காவில் ஆறாம் இடம்வரை ஏறியது. 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைச் சேர்த்தது.

சின்தசைசர் ஒலியை நடன அரங்குக்குக் கொண்டுவந்த பாட்டு என்று இதைப் பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதோடு நிறுத்தினால் பாட்டின் பாதிதான் தெரியும். 1977 வாக்கில் சின்தசைசர் ஒலி மக்களுக்குப் புதிதல்ல. வெண்டி கார்லோஸ் 1968இலேயே பாஃகின் இசையை மூக் என்ற சின்தசைசர் கருவியில் வாசித்து வெளியிட்டுவிட்டார். ஜார்ஜியோ மோரோடரும் பீட் பெல்லாட்டும் சேர்ந்து எழுதிய ‘சன் ஆஃப் மை ஃபாதர்’ பாடல், சிக்கரி டிப் குழுவின் மூக் ஒலியோடு 1972இல் பிரிட்டனில் முதலிடத்துக்கே வந்துவிட்டது. ‘ஐ ஃபீல் லவ்’ பாடலில் உண்மையில் புதிது என்று நான் கருதுவது அதன் காலம். ஒரு நடனப் பாட்டின் எல்லா அடுக்குகளையும் ஒரே மின் துடிப்பில் கட்டிவிட்டு, அந்தக் கட்டுக்கு வெளியே ஒரே ஒரு பெண்குரலை நிற்கவிட்டதில்தான் இந்தப் பாடலின் சாதனை இருக்கிறது. பாட்டைப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதலில் பாட்டை உருவாக்கிய மூவரைப் பார்ப்போம். மோரோடர் இத்தாலியின் தென் டிரோல் மலைப்பகுதியில் 1940இல் பிறந்தவர். பெல்லாட் ஆங்கிலேயர். டோனா சம்மர் பாஸ்டன் நகரத்துக் கறுப்பினப் பெண்; தேவாலயத்தில் பாடி வளர்ந்து, ‘ஹேர்’ இசை நாடகத்தில் நடிக்க 1968இல் ஜெர்மனிக்கு வந்து, சில ஆண்டுகள் ஐரோப்பாவில் தங்கியவர். மூவரையும் சேர்த்தது மியூனிக் நகரம். அங்கே அரபெல்லா என்ற உயர்ந்த கட்டடத்தின் அடித்தளத்தில் மியூசிக்லேண்ட் என்ற பதிவுக்கூடம் இருந்தது. லெட் செப்பலின் போன்ற ராக் குழுக்கள் வந்துபோன இடம் அது. 1975இல் ஏறத்தாழ 17 நிமிடம் ஓடும் ‘லவ் டு லவ் யூ பேபி’ பாடலால் இம்மூவரும் உலகப் புகழ் பெற்றிருந்தார்கள்.

அதுவரை டிஸ்கோ என்றால் பெரிய வாத்தியக் கூட்டம்: வயலின் வரிசை, ஊதுகருவிகள், பேஸ் கிட்டார், முழு டிரம் தொகுதி. பிலடெல்பியா டிரம் கலைஞர் ஏர்ல் யங் ஒவ்வொரு தட்டிலும் கிக் டிரம்மை மிதித்து, இடையிடையே ஹைஹாட்டைத் திறந்து மூடி, டிஸ்கோவின் நடையை வகுத்துக் கொடுத்திருந்தார். அந்த நடையில் மனிதர்களின் மூச்சு இருந்தது. டிரம் கலைஞர் சற்றே முந்துவார், பேஸ் கிட்டார் சற்றே பிந்தும். அந்த உரசலில்தான் ஆட்டம் பிறந்தது. எதிர்காலப் பாட்டில் இவர்களில் எவரும் வேண்டாம் என்று மோரோடர் முடிவு செய்தார். எல்லாவற்றையும் மூக் கருவியிலேயே உண்டாக்குவது என்று தொடங்கினார்.

அந்தக் கருவி மோரோடருடையதல்ல. எபர்ஹார்ட் ஷோனர் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரிடம் இருந்த மாபெரும் மூக் மாடுலர் அது. கூடவே வந்தவர் ஷோனரின் உதவியாளர் ராபி வெடல். இந்தப் பாட்டின் வரலாற்றில் வெடலின் பெயர் முதல் வரியிலேயே வர வேண்டும்; பெரும்பாலும் அடிக்குறிப்பில்கூட வருவதில்லை.

அவர் செய்தது என்ன என்று புரிய, கருவியின் குறையைப் புரிந்துகொள்ள வேண்டும். மூக் மாடுலரில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் பேசும். பேஸ் ஒரு முறை, மேல் வரி ஒரு முறை, ஹைஹாட் ஒரு முறை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக டேப்பில் பதிய வேண்டும். வரிசையை வாசிப்பது சீக்வென்சர். குமிழ்களைத் திருகி வைத்த மின்னழுத்தங்களை அது ஒவ்வொன்றாகச் சுற்றிவரும். 1 வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும். ஆனால் ஒவ்வொரு முறையும் அது தன் சொந்த வேகத்தில்தான் ஓடும். முதலில் பதிந்த பேஸும் பிறகு பதியும் ஹைஹாட்டும் சில நொடிகளிலேயே ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும். 16 டிராக் டேப்பில் கடைசி டிராக்கில் ஒரு துடிப்பை மட்டும் பதிந்து வைத்து, அந்தத் துடிப்பாலேயே சீக்வென்சரை ஓட்டும் வழியை வெடல் காட்டினார். அதன் பிறகு எத்தனை அடுக்கு ஏற்றினாலும் எல்லாம் ஒரே புள்ளியில் விழுந்தன. கருவியைக் கண்டுபிடித்த ராபர்ட் மூக்குக்கே இப்படிச் செய்யலாம் என்று தெரியாது என வெடல் சொன்னதாகப் பெல்லாட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பாட்டில் நம் காதுக்குக் கேட்காத அந்தப் பதினாறாவது டிராக்தான் மற்ற எல்லாவற்றையும் ஆள்கிறது.

இத்தனை ஒழுங்காகக் கேட்கும் பாட்டு, ஒட்டுப்போட்டுச் செய்தது என்பதையும் மறக்கக்கூடாது. கருவியின் ஆஸிலேட்டர்கள் சூடேற ஏறச் சுருதி விலகும். ஒரு அரைஸ்வர இடைவெளி என்பது 1 வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். அதில் சிறு பிசகு வந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். எனவே அரை நிமிடம்போலப் பதிவார்கள், நிறுத்துவார்கள், சுருதி சேர்ப்பார்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். பொறியாளர் யூர்கன் கோப்பர்ஸ் மேசையில் இருந்தார். ஓய்வே இல்லாமல் ஓடுவதுபோல் நமக்குக் கேட்பது, நின்று நின்று போட்ட தையல்.

இனி பேஸ் வரிக்கு வருவோம். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 128 தட்டு. மூக் வாசிக்கும் பேஸ், தட்டுக்கு இரண்டு ஸ்வரமாக நடக்கிறது. ஆனால் நாம் கேட்பது தட்டுக்கு நான்கு. கூடுதல் இரண்டும் டெலே, அதாவது மின் எதிரொலி. ஒவ்வொரு ஸ்வரமும் ஒலித்து, அடுத்தது வருவதற்குள் சரிபாதி இடைவெளியில், சுமார் 117 மில்லிநொடி கழித்து, அதன் எதிரொலி விழுகிறது. மூல வரியை இடப்பக்கத்திலும் எதிரொலியை வலப்பக்கத்திலும் வைத்தார்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். இரண்டு காதிலும் இயர்போன் வைத்துக் கேட்டால் நொடிக்கு எட்டுக்கும் மேற்பட்ட துடிப்புகள் தலைக்குள் இடமும் வலமுமாகப் பாயும். வலப்பக்கத்தை எடுத்துவிடுங்கள்: அந்த ஓட்டம் சட்டென்று வேகம் பாதியாகி, தட்டோடு ஒட்டி நடக்கும் சாதாரண பேஸாகிவிடும். இப்போது இடப்பக்கத்தை எடுத்துவிட்டு வலப்பக்கத்தை மட்டும் வையுங்கள்: அதே ஸ்வரங்கள் தட்டைவிட்டுத் தள்ளி, நம் தாளக் கணக்கில் சொன்னால் எடுப்புத் தள்ளி விழும். பாட்டின் புகழ்பெற்ற துள்ளல் இந்த இரண்டு பக்கத்திலும் தனியாக இல்லை. இரண்டும் கேட்பவரின் தலைக்குள் சேரும்போதுதான் அது உண்டாகிறது. நடன அரங்கில் இடது ஒலிபெருக்கிக்கு அருகே ஆடியவரும் வலதுக்கு அருகே ஆடியவரும் ஒரே பாட்டுக்கு ஒரே மாதிரி ஆடியிருக்க முடியாது.

டிரம் கலைஞர் முந்துவதும் பேஸ் பிந்துவதுமான பழைய உரசலை இயந்திரம் இழந்துவிட்டது என்று டிஸ்கோ ரசிகர்கள் அப்போது குறைப்பட்டார்கள். அந்த உரசல் வேறொரு உருவில், மூலத்துக்கும் எதிரொலிக்கும் நடுவில், திரும்பி வந்துவிட்டது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

ஸ்வரங்களைப் பார்த்தால் பேஸ் மிகவும் சிக்கனமானது. சுருதி சி, அதாவது நம் கணக்கில் ஒரு கட்டை. பேஸ் வரியில் வருபவை ஷட்ஜம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். காந்தாரம் இல்லை. மேற்கத்திய இசையில் ஒரு பாட்டு மேஜரா மைனரா, மலர்ச்சியா சோகமா என்று தீர்மானிப்பது காந்தாரம்தான். அதை அடித்தளத்தில் வைக்காததால் பேஸ் எந்த உணர்ச்சிக்கும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வதில்லை. தீர்ப்பை மேலே வரும் அடுக்குகளுக்கும் குரலுக்கும் விட்டுவிடுகிறது.

பாட்டு நெடுநேரம் அந்த ஒரே ஆதாரத்தில் நிற்கும். பிறகு முழு வரிசையும் அப்படியே மேலே தூக்கப்படும், படிப்படியாக ஏறும், மீண்டும் தொடங்கிய இடத்துக்கே வந்துசேரும். இந்தத் தூக்கலில் ஒரு நுட்பம் இருக்கிறது. கிரக பேதத்தில் ஸ்வரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, ஆதாரம் மட்டும் இடம்மாறும். அதனால் இடைவெளிகள் மாறி வேறு ராகம் தோன்றும். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. எல்லா ஸ்வரங்களோடும் ஒரே மின்னழுத்தம் கூட்டப்படுகிறது. ஆதாரத்தோடு சேர்ந்து இடைவெளிகளும் மாறாமல் இடம்பெயர்கின்றன. பேஸ் கிட்டார் கலைஞராக இருந்தால் புதிய இடத்தின் ஸ்வர வரிசைக்கு ஏற்பக் கையைச் சற்று மாற்றிக்கொள்வார். சீக்வென்சருக்கு அந்தப் பழக்கம் இல்லை. எங்கே போனாலும் அதே உருவம். அதனால் மூல வரிசையில் இல்லாத ஸ்வரங்கள் எட்டிப் பார்க்கின்றன. கேட்பவருக்கு ராகம் மாறியதுபோல் தோன்றாமல், தரையே உயர்வதுபோல் இருக்கிறது. கருவியின் விறைப்பை மறைக்காமல் அதையே அழகாக்கிய இடம் இது. எனக்கு இந்தப் பாட்டில் மிகப் பிடித்த கணமும் இதுதான்: தூக்கல் வரும்போது வயிற்றுக்குள் ஏதோ எழும்பும், கீழே இறங்கும்போது வீட்டுக்கு வந்த நிம்மதி.

தாளப் பகுதியில் ஹைஹாட்டும் ஸ்னேரும் மூக்கின் இரைச்சல் ஒலியிலிருந்து செதுக்கியவை. வெறும் ‘ஷ்’ என்ற இரைச்சலை மிகக் குறுகிய துண்டாக வெட்டினால் ஹைஹாட், சற்று நீளமாக விட்டால் ஸ்னேர். கிக் டிரம் மட்டும் ஒத்துவரவில்லை. மூக்கில் உண்டாக்கிய கிக்கில் நெஞ்சில் இடிக்கும் கனம் இல்லை. கடைசியில் கீத் ஃபோர்ஸி என்ற டிரம் கலைஞரை அழைத்தார்கள். மற்ற டிரம்கள் எதையும் தொடாமல், கிக்கை மட்டும், ஒவ்வொரு தட்டிலும், பாட்டு முழுக்க மிதித்தார் அவர். இதே ஃபோர்ஸி பிறகு ‘ஃபிளாஷ்டான்ஸ்’ படத்தின் புகழ்பெற்ற பாடலை இணைந்து எழுதினார், பில்லி ஐடல் இசைத்தட்டுகளைத் தயாரித்தார். அவர் வாழ்நாளில் மிக எளிய வாசிப்பு ‘ஐ ஃபீல் லவ்’ பாடலில்தான் இருக்கும், மிகக் கடினமானதும் அதுவே. அலங்காரம் எதுவும் இல்லை, திருப்பம் இல்லை. பிசகாத சீக்வென்சருக்குப் பக்கத்தில் ஒரு மனிதக் கால் நிமிடக்கணக்கில் பிசகாமல் நிற்க வேண்டும். இயந்திரப் பாட்டு என்று பெயரெடுத்த இதில் இயந்திரத்தைப் போலவே ஒலிப்பது மனிதன் வாசித்த ஒரே கருவி.

குரலைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். மோரோடரை மின்னணு நடன இசையின் தந்தை என்று கொண்டாடும் வரலாறுகளில் டோனா சம்மர் ஒரு அழகான ஒலியாக மட்டுமே வந்துபோகிறார். இது நியாயமல்ல. மோரோடர், பெல்லாட் ஆகியோரோடு பாடலாசிரியராகவும் அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. இசைக்கட்டை வைத்துப் பார்த்தாலும் அவர் செய்திருப்பது மற்ற எந்த அடுக்கும் செய்யாத வேலை.

தேவாலயத்தில் பயின்ற டிஸ்கோ பாடகிகள் நெஞ்சிலிருந்து பாடுவார்கள். குரல் மெல்ல மெல்லக் கனமேறி, உச்சத்தில் வெடித்து, பிர்காக்களாகச் சிதறும். சம்மருக்கும் அது கைவந்த கலை. இங்கே அவர் அதைத் தொடவே இல்லை. உயர் ஸ்தாயியில், நம் கச்சேரி வழக்கில் கள்ளக்குரல் என்று ஒதுக்கப்படும் தலைக்குரலில், காற்று கலந்து, அழுத்தமே இல்லாமல் பாடுகிறார். சொற்கள் மிகக் குறைவு. ஒரு சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும். கதை இல்லை, பிரிவு இல்லை, புகார் இல்லை. ஒரு நிலை மட்டும் இருக்கிறது.

பேஸ் ஒரு சுற்றுக்குப் பதினாறு துடிப்பு போடும் நேரத்தில் குரல் ஓர் உயிரெழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். கீழே நொடிக்கு எட்டுத் துடிப்பு, மேலே ஒரே மூச்சு. சொல் முடியும் இடங்களும் தாளத்தைக் குத்துவதில்லை. வரியின் விளிம்பில் கரைந்துவிடுகின்றன. அவர் குரலையே பல முறை பதிந்து அடுக்கியிருப்பதால், யாரோ ஒருத்தி நின்று பாடுவதுபோல் இல்லாமல், நான்கு பக்கத்திலிருந்தும் வருவதுபோல் கேட்கிறது. எந்தப் பாடகருக்கும் இப்படி வேகமான ஓட்டத்தின் மேல் பாடும்போது தாளத்தோடு மல்லுக்கட்டத் தோன்றும், குறைந்தபட்சம் அதன் மேல் சவாரி செய்யத் தோன்றும். சம்மர் இரண்டையும் செய்யவில்லை. கீழே நடப்பது தனக்குத் தெரியும், ஆனால் தன்னைக் கட்டாது என்பதுபோல் பாடுகிறார். ‘லவ் டு லவ் யூ பேபி’ பாடலின் முனகல்கள் உடலைச் சொல்லிக்காட்டின. இங்கே உடல் பேஸிடம் போய்விட்டது. குரலுக்கு வேறு வேலை கிடைத்தது.

அதனால்தான் இந்தப் பாட்டைக் கிராஃப்ட்வெர்க்கின் தொடர்ச்சி என்று மட்டும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அதே 1977இல், சற்று முன்னதாக, அவர்களின் ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ வந்தது. பெர்லின் இசைக்குழுவான டான்ஜரின் டிரீம் 1974இலேயே ‘ஃபீட்ரா’வில் சீக்வென்சரை நீண்ட நேரம் ஓடவிட்டிருந்தது. இரண்டும் பெரிய படைப்புகள். ஆனால் கிராஃப்ட்வெர்க்கின் குரல் தானே இயந்திரமாக மாற விரும்பியது. டான்ஜரின் டிரீமின் இசை அமர்ந்து கேட்க வேண்டியது. ‘ஐ ஃபீல் லவ்’ கேட்பவரை எழுந்து ஆட வைத்தது, குரலையும் குரலாகவே விட்டது.

வடிவமும் இதற்கு ஏற்றபடிதான். இசைத்தட்டில் 5 நிமிடம் 53 நொடி, 12 அங்குலத் தட்டில் 8 நிமிடம் 15 நொடி. பாட்டு உச்சத்தை நோக்கி ஏறுவதில்லை. அடுக்குகள் சேரும், விலகும். குரல் போய்விடும், துடிப்பு மட்டும் ஓடும். குரல் மீண்டும் வரும்போது எங்கேயும் போகாமல் இங்கேயே இருந்ததுபோல் தொடரும். அந்தச் சமயம் பெர்லினில் டேவிட் போவியோடு வேலை செய்துகொண்டிருந்த பிரையன் ஈனோ, இந்தத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்து, எதிர்காலத்தின் ஒலியைக் கேட்டுவிட்டேன், இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு நடன அரங்குகளின் இசையை இது மாற்றிவிடும் என்று சொன்னதாகப் போவி நினைவுகூர்ந்திருக்கிறார். காலக் கணக்கில் ஈனோ குறைத்துத்தான் சொன்னார்.

எதிர்காலம் எப்படி வந்தது என்பதற்கு நல்ல சான்று பேட்ரிக் கௌலி. சான் பிரான்சிஸ்கோவின் ஓரினச் சேர்க்கையாளர் நடன அரங்குகளில் வளர்ந்த இசைக்கலைஞர் அவர். 1978இல் இந்தப் பாட்டின் தட்டை எடுத்து, தன் சின்தசைசர் வரிகளை அதன் மேலேயே ஏற்றி, 15 நிமிடத்துக்கும் மேலாக நீட்டினார். ஏற்கெனவே முடிந்துவிட்ட ஒரு பதிவின் மேல் இவ்வளவு வரிகளைப் பொருத்த முடிந்தது எப்படி? பாட்டு ஒரே துடிப்பில் நடந்ததாலும், ஒரே ஆதாரத்தில் நெடுநேரம் நின்றதாலும். மனிதக் கூட்டம் வாசித்த டிஸ்கோ பதிவில் இதைச் செய்ய முயன்றால் வேகத்தின் சிறு ஏற்ற இறக்கங்களைத் துரத்தியே களைத்துப்போவோம். கௌலியின் நீட்டிப்பு டிஜேக்களிடையே கைமாறி, 1982இல்தான் முறையாக வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் கௌலி எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

1983இல் வந்த மிடி ஏற்பாடு, வெடல் டேப்பில் பதிந்துவைத்த துடிப்பை ஒரு பொது விதியாக்கியது: ஒரு தட்டுக்கு 24 துடிப்பு, எந்த நிறுவனத்தின் கருவியும் எந்த நிறுவனத்தின் கருவியோடும் சேர்ந்து ஓடலாம். நியூ ஆர்டரின் ‘புளூ மண்டே’ அதே ஆண்டு வந்தது. சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் ஹவுஸ், டெக்னோ இசைகள் உருவானபோது இயந்திரத் துடிப்பு அவற்றின் தாய்மொழியாகவே இருந்தது.

குரலின் வழி வேறு. துடிப்பை எடுத்துக்கொண்ட பல பதிவுகளில் குரல் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, அதே துடிப்பின் கட்டத்துக்குள் அடைக்கப்பட்டது. டோனா சம்மர் கட்டத்துக்கு மேலே திறந்துவைத்த இடத்தைப் புரிந்துகொண்டவர்கள் சிலர்தான். கௌலியின் சின்தசைசரோடு உயர்ந்த ஆண்குரலில் 1978இல் ‘யூ மேக் மீ ஃபீல் (மைட்டி ரியல்)’ பாடலைத் தந்த சில்வெஸ்டர் அவர்களில் ஒருவர். 1985இல் பிரான்ஸ்கி பீட் குழுவின் ஜிம்மி சாமர்வில் மார்க் ஆல்மண்டோடு சேர்ந்து ‘ஐ ஃபீல் லவ்’ பாடலையே மீண்டும் பாடியபோதும் அதே உயர்ந்த தலைக்குரலைத்தான் தேர்ந்தார். அந்தப் பதிப்பில் கருவிகள் எல்லாம் புதியவை. பாடல் இன்னும் அதே பாடலாகக் கேட்பது அந்தக் குரல் நிற்கும் உயரத்தால்.